டேக்குக்குத் தன் இடம் தெரியாது: ஆர்எஃப்ஐடியை வைத்துப் பொருள் இருக்கும் இடத்தை அறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுங்கச்சாவடியைத் தாண்டிய சற்று நேரத்தில் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. எந்தச் சாவடி, எத்தனை மணி, எவ்வளவு ரூபாய் என்று எல்லாம் அதில் இருக்கும். இதைப் பார்த்துப் பழகியவர்கள், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வண்டி இருக்கும் இடத்தை எந்நேரமும் எங்கோ அனுப்பிக்கொண்டிருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அது ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் எண்ணைப் படிக்கும் முறையில் இயங்கும் ஒரு டேக். அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, சிம் இல்லை. உலோகத் தகட்டில் வெட்டிய மெல்லிய ஆன்டெனாவும், கடுகை விடச் சிறிய ஒரு சிப்பும் மட்டுமே உண்டு. சாவடிக் கூரையில் தொங்கும் ரீடர் (டேக்கைப் படிக்கும் கருவி) ரேடியோ அலையை வீசும்போது, சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு விழிக்கிறது. பத்து இருபது மைக்ரோவாட் கிடைத்தால் அதற்குப் போதும். தன் எண்ணைச் சொல்கிறது. அலை நின்றதும் அடங்கிவிடுகிறது. வண்டி எங்கே இருந்தது என்பது, ரீடரை எங்கே மாட்டினோம் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் கிடைக்கும் தகவல்.

இரண்டு சாவடிகளுக்கு நடுவில் வண்டி எந்த ஊரில் நின்றது, எந்தக் கிளைச் சாலையில் திரும்பியது என்று ஃபாஸ்டேக்குக்குத் தெரியாது. ஓடிய தூரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்க வழி செய்து 2024 செப்டம்பரில் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தியபோது, செயற்கைக்கோள் உதவியுடன் இயங்கும் தனிக் கருவியை வண்டிக்குள் பொருத்துவதைப் பற்றிப் பேசியதும் இதனால்தான். ரயில்வே சரக்கு வேகன்களிலும் இதே கதை: வேகனில் டேக், தண்டவாளத்தின் ஓரம் ரீடர். வேகன் கடைசியாக எந்த ரீடரைத் தாண்டியது என்பதுதான் பதிவில் இருக்கும்.

ஆர்எஃப்ஐடி போடப்போகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கிடைப்பது 'இந்த எண், இந்த ஆன்டெனாவின் முன், இந்த நொடியில்' என்ற ஒற்றை வரி. அந்த வரியைப் பயனுள்ள இடத்தில் பிறக்க வைப்பதுதான் மொத்த வேலையும்.

முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

"சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்" என்று எழுதினால் எந்த விற்பனையாளரும் எதையும் விற்றுவிடலாம். "அட்டைப்பெட்டி குடோனை விட்டு வெளியே போய்விட்டதா, எப்போது போனது" என்று எழுதினால் அது வாசல் கேள்வி. ஆர்எஃப்ஐடிக்கு அச்சாகப் பொருந்தும். "எந்த அறையில் இருக்கிறது" என்பதும் வாசல் கேள்விதான், ஒவ்வொரு அறை வாசலிலும் ரீடர் வைக்கும் செலவை ஏற்றுக்கொண்டால். "எந்த ரேக்கில், எந்தத் தட்டில்" என்பதற்குக் கையடக்க ரீடரோடு ஒரு ஆள் நடக்க வேண்டும். "லாரி இப்போது எந்த ஊரில்" என்பது ஆர்எஃப்ஐடியின் வேலையே அல்ல, அதற்கு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்குங்கள்.

மாரத்தான் ஓட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். ஓடுபவரின் மார்பில் குத்தும் எண்ணட்டையில் டேக் இருக்கும். தொடக்கம், 10 கி.மீ., பாதி வழி, முடிவு என்று சாலையில் ஆன்டெனாப் பாய்கள் விரித்திருப்பார்கள். பாயை மிதித்த நேரம் துல்லியமாகத் தெரியும். இரு பாய்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாரா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் குடோனில் அந்தப் பாய்களை எங்கே விரிப்பது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டிய பதில். ஒரு வரைபடம் போட்டு, பொருள் கட்டாயம் கடந்தே தீர வேண்டிய குறுகிய இடங்களை வட்டமிடுங்கள். பின்கதவு, ஜன்னல் வழியாகச் சரக்கு கைமாறும் இடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து கிடக்கும் ஷட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு வழி விட்டுப்போனால் கணக்கு முழுவதும் பிசகும்.

எந்த அலைவரிசை

மூன்று குடும்பங்கள் உண்டு. 125 மற்றும் 134.2 கிலோஹெர்ட்ஸ் தாழ் அலைவரிசை: சில செ.மீ. தூரம்தான் எட்டும், ஆனால் தசையையும் தண்ணீரையும் கண்டு அஞ்சாது. நாய்க்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே செலுத்தும் அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி இந்த வகை. அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. காணாமல் போன நாயை அந்தச் சிப் தேடித் தராது. நாயைக் கண்டெடுத்தவர் ஸ்கேனர் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், அங்கே கிடைத்த எண்ணுக்குரிய பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் சரியாக இருந்தால்தான் நாய் வீடு வரும். சிப் போட்டதோடு நிறுத்தாமல், தொலைபேசி எண் மாறும்போதெல்லாம் பதிவேட்டையும் திருத்துங்கள்.

13.56 மெகாஹெர்ட்ஸ் உயர் அலைவரிசை: நூலகப் புத்தகங்கள், அலுவலக அடையாள அட்டைகள், கைபேசியின் என்எஃப்சி (கிட்டத்தில் காட்டிப் படிக்கும் வசதி) எல்லாம் இதில் அடங்கும். அட்டை என்றால் சில செ.மீ.; பெரிய ஆன்டெனா உள்ள நூலக வாசல் என்றால் ஒரு மீட்டர் அளவு.

860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஹெச்எஃப், அதாவது மீவுயர் அலைவரிசை: குடோன், துணிக்கடை, சுங்கச்சாவடி. பேட்டரி இல்லாமலே 5 முதல் 10 மீட்டர் வரை எட்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த பகுதி 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். ரீடர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 902–928 மெகாஹெர்ட்ஸ் ரீடர்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். இங்கே அந்தப் பகுதியில் கைபேசிச் சேவை ஓடுகிறது. சட்டப்படியும் தவறு, பக்கத்தில் இருப்பவர்களின் சிக்னலுக்கும் கேடு.

புதியவர்கள் காசை விடுவது பெரும்பாலும் இங்கேதான்: யுஹெச்எஃப் ஸ்டிக்கர் ரோல் ஒன்றை வாங்கிவிட்டுக் கைபேசியைக் காட்டிப் படிக்கப் பார்ப்பார்கள். படிக்காது. கைபேசியில் இருப்பது 13.56 மெகாஹெர்ட்ஸ் ரீடர், இது வேறு அலைவரிசை. இதே காரணத்தால், ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை ஃபாஸ்டேக் மேல் காட்டிப் பணம் எடுத்துவிடுவார்கள் என்று 2022இல் சுற்றிய வீடியோவும் நம்பத் தகுந்ததாக இல்லை.

இனிக் கீழே சொல்வதெல்லாம் யுஹெச்எஃப் பற்றி, ஒரு குடோன் வாசலை எடுத்துக்காட்டாக வைத்து.

டேக் வாங்குவதும் ஒட்டுவதும்

ஆயிரக்கணக்கில் வாங்குவதற்கு முன் நான்கைந்து வகைகளில் இருபது இருபது மாதிரி வாங்கி, உங்கள் பொருளின் மேலேயே ஒட்டிப் பாருங்கள். காற்றில் 8 மீட்டர் எட்டும் டேக் உங்கள் பொருளின் மேல் அரை மீட்டர்கூட எட்டாமல் போகலாம்.

உலர்ந்த பருத்தித் துணியும் அட்டைப்பெட்டியும் இதற்கு மிகத் தோதானவை. சாதாரணக் காகித ஸ்டிக்கர் போதும். உலோகத்தின் மேல் அதே ஸ்டிக்கரை ஒட்டினால் செத்துவிடும், ஏனென்றால் உலோகப் பரப்பை ஒட்டி அலையின் மின்புலம் இல்லாமல் போகிறது. சில மி.மீ. தடிப்புள்ள, உலோகத்துக்கென்றே செய்த டேக்குகள் தனியே உண்டு. விலை பல மடங்கு. தண்ணீர் அலையை உறிஞ்சும். தண்ணீர் பாட்டில் பெட்டி என்றால் பாட்டிலுக்கும் டேக்குக்கும் நடுவே காற்று இருக்கும் மூலையில் ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய் பிளாஸ்டிக் பாட்டில் அவ்வளவு தொல்லை தராது, எண்ணெய் அலையை அதிகம் விழுங்குவதில்லை. தகர டின் என்றால் அது உலோகக் கணக்கு.

ஒட்டும் திசையைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டிக்கரின் ஆன்டெனா ஒரு நீளக் கம்பி மாதிரி. கம்பியின் நுனி ரீடர் ஆன்டெனாவை நேராகப் பார்த்து நின்றால் அது கிட்டத்தட்டக் குருடு. பெட்டியின் முன்பக்கத்தில் கிடையாக ஒட்டி வாசலுக்குள் தள்ளினால், இருபுறமும் நிற்கும் ஆன்டெனாக்களை நோக்கி நுனிகள் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். அதே ஸ்டிக்கரை நெட்டுக்குத்தாக ஒட்டுங்கள். அப்போது பெட்டியைத் தள்ளுவண்டியில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பக்கவாட்டு ஆன்டெனாவுக்கு கம்பியின் முழு நீளமும் தெரியும். ஒரு பைசா செலவில்லாமல் வாசிப்பு கூடும் வழி இது.

அடுத்து எண். ஒவ்வொரு டேக்கிலும் இபிசி என்ற, நாம் எழுதக்கூடிய எண் இருக்கும். வழக்கமாக 96 பிட், அதாவது 24 பதினறும (0–9, A–F) இலக்கம். தொழிற்சாலையிலேயே பதித்த, மாற்ற முடியாத டிஐடி எண்ணும் உண்டு. மலிவு ரோல்களில் எல்லா டேக்கிலும் ஒரே இபிசி இருப்பதுண்டு. அப்படியே ஒட்டிவிட்டால் ஐம்பது பெட்டிகள் போனாலும் திரையில் ஒன்றுதான் தெரியும். ரோல் வந்தவுடன் உங்கள் எண் வரிசையை எழுதி, டிஐடியையும் பக்கத்தில் பதிவு செய்து, எழுதும் பகுதியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். கடவுச்சொல் ஆரம்பத்தில் எல்லாம் சுழியாக இருக்கும். மாற்றாமல் விட்டால் பூட்டியும் பயனில்லை.

வாசலில் ரீடர் அமைப்பது

3 மீட்டர் அகல வாசலுக்குத் தேவைப்படுபவை: ஆன்டெனா கேபிள் செருக நான்கு துளை உள்ள நிலையான ரீடர் ஒன்று, வட்ட முனைவாக்க (அலையைச் சுழற்றி அனுப்பும்) ஆன்டெனா நான்கு, கேபிள், ஒளிக்கற்றை சென்சார் இரண்டு, ஒரு சிறு கணினி. ஆன்டெனா 'வட்ட' வகையாக இருப்பதால், தன் முன் டேக் எப்படிச் சாய்ந்திருந்தாலும் படிக்கும். அதற்கு விலையாக 3 டெசிபல் இழப்போம் (டெசிபல் சக்தியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு; 3 குறைந்தால் சக்தி பாதி). நுனி காட்டி நிற்கும் டேக்கை மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது.

இருபுறமும் இரண்டிரண்டு ஆன்டெனா. ஒன்று தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், இன்னொன்று 1.6 மீட்டரில். வண்டியைத் தள்ளுபவரின் உடம்பும் தண்ணீர்தான்; ஒரு பக்கத்தை அவர் மறைத்தாலும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்ளும். ஆன்டெனாக்களைக் குடோன் உட்பக்கம் பார்க்காமல் சற்றே வெளிப்புறம் திருப்பி மாட்டுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். எல்எம்ஆர்-195 மாதிரி மெல்லிய கேபிள் 8 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 டெசிபல் விழுங்கும். அதாவது ரீடர் அனுப்பும் சக்தியில் பாதி வழியிலேயே போகிறது. தடித்த எல்எம்ஆர்-400 அதே நீளத்துக்கு ஒரு டெசிபல்தான் எடுக்கும். 6 டெசிபல் குறைந்தால் எட்டும் தூரம் பாதியாகும், 3 டெசிபல் குறைந்தால் சுமார் முப்பது சதவீதம் போகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே கசிகிறது என்று பல நேரம் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பயன்படுத்தாத துளையில் ஆன்டெனா இல்லாமல் ரீடரை இயக்க வேண்டாம். அமைப்பில் அந்தத் துளையை அணைத்துவிடுங்கள்.

இனி சக்தி. ரீடர் பெரும்பாலும் 30 டிபிஎம், அதாவது 1 வாட் வரை போகும். முழுச் சக்தியில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. படிக்காமல் விடுவதைக் காட்டிலும், படிக்கக் கூடாததைப் படிப்பது கணக்கைக் கெடுத்துவிடும். வாசலுக்கு 2 மீட்டர் உள்ளே அடுக்கிய பெட்டி அசையாமல் இருக்கும், மென்பொருள் "வெளியே போனது" என்று எழுதிவைக்கும். ஆகவே 20 டிபிஎம்மில் தொடங்குங்கள். உள்ளே 2 மீட்டரில் டேக் போட்ட பத்துப் பெட்டிகளை வையுங்கள். வாசல் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு டிபிஎம்மாகக் கூட்டுங்கள். வண்டிப் பெட்டிகள் எல்லாம் வந்து, உள்ளே இருப்பவை வராத இடத்தில் நிறுத்துங்கள். அப்படி ஒரு இடமே கிடைக்கவில்லை என்றால் ஆன்டெனாவுக்குப் பின்னால் உட்பக்கமாக ஒரு செ.மீ. கண்ணுள்ள கம்பிவலையைத் தடுப்பாக நிறுத்துங்கள், அல்லது வாசலை ஒட்டி 3 மீட்டருக்குள் எதையும் அடுக்கக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போடுங்கள். இரண்டாவது வழிதான் மலிவு. அரைகுறையாக இறக்கிய உலோக ஷட்டர் அலையைத் திருப்பி உள்ளே அடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பை நிகழ்வாக மாற்றுவது

ரீடர் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் வாசிப்புகளைக் கொட்டும். ஒரே பெட்டி மூன்று நொடியில் நாற்பது தடவை வரும். அதை அப்படியே தரவுத்தளத்தில் போட்டால் இரண்டு நாளில் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். டேக் எண், முதல் வாசிப்பு நேரம், கடைசி வாசிப்பு நேரம், எத்தனை தடவை, எந்த ஆன்டெனா, அதிகபட்ச சிக்னல் என்று ஒரு வரியாகச் சுருக்குங்கள்.

உள்ளே போனதா வெளியே போனதா என்பதை சிக்னலை வைத்து ஊகிப்பதைவிட சென்சாரிடம் விடுவது நல்லது. ஒளிக்கற்றை இரண்டையும் அரை மீட்டர் இடைவெளியில் ஒன்று உட்புறமும் ஒன்று வெளிப்புறமும் வையுங்கள். உட்புறக் கற்றை முதலில் வெட்டுப்பட்டால் வண்டி வெளியேறுகிறது. கற்றை வெட்டுப்பட்ட இரண்டு நொடிக்கு முன்னும் பின்னும், குறைந்தது மூன்று தடவை படித்த டேக்கை மட்டும் கணக்கில் எடுங்கள். தெறித்து வரும் ஒற்றை வாசிப்புகள் இதிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும்.

ரீடர் அமைப்பில் 'செஷன்' என்று ஒன்று வரும். ஒரு டேக் பதில் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பூஜ்யம் என்றால் அலை போனவுடன் மறந்துவிடும், மறுபடி மறுபடி பதில் சொல்லும். ஒன்று என்றால் அரை நொடி முதல் 5 நொடி வரை அமைதி. இரண்டும் மூன்றும் அலை இருக்கும்வரை அமைதி, போன பிறகும் 2 நொடிக்கு மேல் அமைதி. ஒரு வண்டிக்கு முப்பது நாற்பது டேக் என்றால் பூஜ்யம் போதும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பனியனுக்கும் டேக் என்று நூற்றுக்கணக்கில் வந்தால் செஷனை ஒன்றாக மாற்றுங்கள். இல்லையென்றால் கிட்டத்தில் இருக்கும் டேக்குகளே கத்திக்கொண்டிருக்க, நடுவில் இருப்பவை வாய் திறப்பதற்குள் வண்டி போய்விடும். செஷனை மாற்றியவுடன் "மூன்று தடவை" விதியையும் மறுபடி பாருங்கள், அமைதியான டேக் ஒரே தடவைதான் சொல்லியிருக்கும்.

சோதனைக்கு ஐம்பது பெட்டிகளைப் பத்து முறை தள்ளுங்கள். ஐந்நூறில் விட்டுப்போனவை எவை என்று எழுதுங்கள். ஒரே பெட்டி திரும்பத் திரும்ப விட்டுப்போனால் டேக்கோ ஒட்டிய இடமோ கோளாறு. வேறு வேறு பெட்டிகள், ஆனால் எப்போதும் கீழ் அடுக்கு என்றால் ஆன்டெனா உயரம். எந்த ஒழுங்கும் இல்லாமல் விட்டுப்போனால் வண்டி வேகமாகப் போகிறது, இல்லையேல் ஒரு கேபிள் முனை தளர்ந்திருக்கிறது.

ரேக்கில் தேடுவது

கையடக்க ரீடர்களில் ஒரு டேக் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. நெருங்க நெருங்க 'பீப்' விரைவாகும். இதை மீட்டர் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் திரும்பிவரும் சிக்னல் 12 டெசிபல் குறையும் என்று கணக்கு உண்டுதான். குடோனில் தரையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பி அடிப்பதால், நேராக வருவதும் தெறித்து வருவதும் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். அலைநீளம் சுமார் 34.6 செ.மீ.; அதில் கால் பங்கு, எட்டரை செ.மீ. நகர்த்தினாலே உச்சத்திலிருந்து பள்ளத்துக்குப் போய்விடலாம். 4 மீட்டரில் இருக்கும் டேக் 2 மீட்டரில் இருப்பதைவிடப் பலமாகக் கத்துவது அன்றாடம் நடப்பது.

எனவே முழுச் சக்தியில் வரிசை வரிசையாக நடந்து, எந்த வரிசை என்று முதலில் பிடியுங்கள். பிறகு சக்தியை 15 டிபிஎம் அளவுக்கு இறக்குங்கள். 5 மீட்டர் எட்டியது ஒரு மீட்டருக்குள் அடங்கும். இப்போது 'பீப்' வந்தால் அது கை எட்டும் இடத்தில் இருக்கிறது. ரீடரைப் பக்கவாட்டில் திருப்பியும் ஒரு முறை பாருங்கள். நுனி காட்டி நிற்கும் டேக் அப்போது அகப்படும். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் இடம் தெரிந்த ஒரு அடையாள டேக் ஒட்டிவைத்தால் வேலை பாதியாகும். பெட்டியின் டேக் எந்தத் தட்டு டேக்கோடு சேர்ந்து ஒலிக்கிறதோ, அங்கேதான் கை வைக்க வேண்டும்.

இடம் மீட்டர் கணக்கில் உடனுக்குடன் தெரிய வேண்டும் என்றால் பேட்டரி உள்ளவற்றுக்குப் போக வேண்டும். புளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தை அவ்வப்போது ஒலிபரப்பும் சிறு கருவி) எந்த அறை, எந்த மூலை என்று சொல்லும். யுடபிள்யுபி என்ற அகலப்பட்டை ரேடியோ 10 முதல் 30 செ.மீ. வரை துல்லியம் தரும், செலவும் அதற்கேற்ப. ஆப்பிளின் ஏர்டேக்கைச் சிலர் ஆர்எஃப்ஐடி என்கிறார்கள். அதன் இருப்பிடத்தைச் சொல்வது அக்கம்பக்கத்தில் போகும் மற்றவர்களின் ஐபோன்கள். ஆள் நடமாட்டம் இல்லாத குடோனில் அது ஊமைதான்.

ஆட்களின் அட்டையில் கை வைக்கும் முன்

பெட்டிக்குப் போட்ட அதே வாசல், பணியாளரின் அடையாள அட்டையில் யுஹெச்எஃப் டேக் இருந்தால் அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தையும் எழுதும். யாரும் கேட்காமலே அந்தப் பதிவு சேரும். டேக் எண் ஒரு மனிதரோடு இணைந்துவிட்டால் அது அவருடைய தனிப்பட்ட தரவு. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தரவைப் பற்றியதுதான். வாசலில் ரீடர் இருப்பதை எழுதி மாட்டுங்கள். எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். தேவையில்லாத அட்டை எண்களை ரீடரிலேயே வடிகட்டி, பதிவேறாமல் செய்துவிடுங்கள். டேக்கில் பெயர், அலைபேசி எண் எதையும் எழுதாதீர்கள். பொருளற்ற ஒரு எண் போதும், மற்றது உங்கள் கணினியில் இருக்கட்டும். கடையில் விற்ற துணியின் டேக்கை, வாங்கியவர் வெளியேறும் முன் வெட்டி எடுங்கள், அல்லது 'கில்' கட்டளை கொடுத்து நிரந்தரமாக வாயடைத்துவிடுங்கள். அதற்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. அது சுழியாக இருந்தால் கட்டளை எடுபடாது.

அமைத்து முடித்த பிறகு ஒவ்வொரு ஆன்டெனாவின் எதிரிலும் சுவரில் ஒரு டேக்கை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை ரீடர் தானாக விழித்து அந்த நான்கையும் படிக்கட்டும். எது பதில் சொல்லவில்லையோ அந்த ஆன்டெனாவின் கேபிளைத்தான் ஏதோ ஒரு தள்ளுவண்டி இடித்துப் போயிருக்கும். இது இல்லாவிட்டால், மாதக் கடைசியில் இருப்பைக் கணக்கெடுக்கும்போதுதான் அது தெரியவரும்.